கல்விக் கேள்வி – பதில்: ஒரு பாடத்தில் ‘எஃப்’ விழுந்தால் பல்கலைக்கழகத்துக்கு மாற முடியாதா?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, அமெரிக்காவின் கொமியூனிட்டி கொலிஜ்களில், அதாவது சமுதாயக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியவையாக இருந்தன. ஆகவே பக்கம் முழுவதையும் அந்த விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். முதல் இரண்டு ஆண்டுகளை அங்கே குறைந்த செலவில் முடித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறிச் செல்வதே இப்பிள்ளைகளில் பெரும்பாலானோரின் நோக்கம். எழுதியவர்களின் பிள்ளைகளில் அநேகர் கலிபோர்னியாவில் இருப்பதால் அந்த மாநிலத்தின் விதிகளை வைத்தே பதில் சொல்கிறேன். வேறு மாநிலங்களில் எண்களும் திகதிகளும் மாறும் என்பதை மனத்திற் கொண்டு வாசிக்கவும்.

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவள். பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி போதாததால், கலிபோர்னியாவில் பெரியப்பா வீட்டில் தங்கி, மாணவர் வீசாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் படிக்கிறாள். மூன்று பாடங்களில் ‘ஏ’ எடுத்தவளுக்கு, முதல் தவணையிலேயே கல்குலஸ் பாடத்தில் ‘எஃப்’ வந்துவிட்டது. இனி வீசா போய்விடும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். வேறு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தால் பழைய பெறுபேறு வெளியே தெரியாது என்று இன்னொருவர் சொல்கிறார். நாங்களே அந்தக் கல்லூரியின் அதிபருக்கு எழுதிக் கேட்கலாமா?
— ஒரு தாய், கல்லடி

பதில்: அம்மா, முதலில் வீசாவைப் பற்றிய பயத்தை விடுங்கள். எஃப்-1 மாணவர் வீசாவில் இருப்பவர் ஒவ்வொரு பிரதான தவணையிலும் குறைந்தது 12 அலகுகளுக்கு (அலகு என்பது ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்) பதிவு செய்து முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. அவ்வாறு பதிவு செய்து, தவணை முடியும்வரை படித்து, அவற்றுள் ஒரு பாடத்தில் சித்தியடையாமற் போனது மாத்திரம் அந்த நிலையை முறிப்பதில்லை. அனுமதி பெறாமல் பாடத்தைக் கைவிட்டு 12 அலகுகளுக்குக் கீழே இறங்குவதும், கல்லூரியே மாணவரை நீக்கிவிடும் அளவுக்குப் பெறுபேறுகள் தொடர்ந்து வீழ்வதும்தான் ஆபத்தானவை. குறைந்தது 12 அலகுகளை முயன்ற ஒருவரின் ஜீ.பீ.ஏ., அதாவது தரப்புள்ளிச் சராசரி, 2.0க்குக் கீழே போனால் கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரிகள் அவரைக் கல்விக் கண்காணிப்பில் வைக்கும். உங்கள் மகள் அந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறாள்.

கணக்கைப் பார்ப்போம். ‘ஏ’ என்றால் 4 புள்ளி, ‘பி’ 3, ‘சி’ 2, ‘டி’ 1, ‘எஃப்’ பூச்சியம். கல்குலஸ் 4 அலகு என்றும் மற்றைய மூன்றும் 3 அலகு வீதம் 9 என்றும் வைத்துக்கொண்டால், 9 அலகுகளுக்கு ‘ஏ’ வழியாகக் கிடைக்கும் 36 புள்ளிகளை மொத்தமான 13ஆல் வகுக்க 2.77 வருகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பிக்கும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்கான ஆகக் குறைந்த ஜீ.பீ.ஏ. 2.8; மாநிலவாசிகளுக்கு 2.4. கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழக வலையமைப்பில் அவை முறையே 2.4, 2.0. ஆகவே இந்த ஒரு ‘எஃப்’ உங்கள் மகளை முதலாவது வாசலுக்கு மயிரிழையில் வெளியே நிறுத்தியிருக்கிறது. இப்போது அவள் அதே பாடத்தைத் திரும்பப் படித்து ‘பி’ எடுத்தால், பழைய பூச்சியம் கணக்கில் இருந்து விலக்கப்பட்டு, 48 புள்ளிகள் 13 அலகுகளால் வகுக்கப்பட்டு 3.69 ஆகும். இந்த இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளும் அப்படித்தான் கணக்கிடுகின்றன. தனியார் பல்கலைக்கழகங்கள் சில இரண்டு பெறுபேறுகளையும் சேர்த்தே கணக்கிடும். அங்கே 48ஐ 17ஆல் வகுக்க வேண்டியிருப்பதால் 2.82தான் வரும். எங்கே விண்ணப்பிக்கப் போகிறாள் என்பதைப் பொறுத்து ஒரே ‘எஃப்’ இவ்வளவு வித்தியாசமான விளைவைத் தருகிறது.

எங்கள் ஊர்ப் பழக்கத்தில் இருந்து வரும் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்த வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் ‘ரிப்பீட்’ என்றால் அடுத்த அணியோடு சேர்ந்து பரீட்சையை மட்டும் மீண்டும் எழுதுவது. பல பீடங்களில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் ‘சி’க்கு மேல் கிடைப்பதில்லை. அங்கே அப்படியில்லை. பாடம் முழுவதையும், விரிவுரை, வீட்டு வேலை, சிறு பரீட்சைகள் உட்பட, கட்டணத்தை மறுபடியும் செலுத்தித் திரும்பப் படிக்க வேண்டும். வெளிநாட்டு மாணவரின் கட்டணம் மாநிலவாசியின் கட்டணத்தைவிடப் பல மடங்கு என்பதால் இந்தச் செலவு சிறியதல்ல. ஆனால் உழைத்தால் ‘ஏ’யே கிடைக்கும், உச்சவரம்பு எதுவும் இல்லை. ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று முயற்சிகள்தான் உண்டு என்பதையும், பாடத்தை இடையில் விலக்கிப் பெறும் ‘டபிள்யூ’வும் அந்த மூன்றில் ஒன்றாக எண்ணப்படும் என்பதையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள்.

அவள் பொறியியலுக்குப் போக இருப்பதால், உண்மையான சேதம் ஜீ.பீ.ஏ.யில் இல்லை, கால அட்டவணையில் இருக்கிறது என்பதே என் கருத்து. முதலாம் கல்குலஸ் முடியாமல் இரண்டாம் கல்குலஸ் இல்லை. அது முடியாமல் மூன்றாவது இல்லை. வகைக்கெழுச் சமன்பாடுகள், பொறியியல் மாணவருக்கான பௌதிகவியல் ஆகியவையும் இதே கயிற்றில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய விரும்புபவர், அந்தத் துறைக்கு வேண்டிய ஆயத்தப் பாடங்களை அதற்கு முந்தைய வசந்த காலத் தவணைக்குள் முடித்திருக்க வேண்டும் என்பதே வழமையான எதிர்பார்ப்பு. ஆகவே முதல் தவணையில் வழுக்கிய கல்குலஸ் அப்படியே விடப்பட்டால் ஒரு முழு ஆண்டைத் தின்றுவிடக்கூடும். அடுத்த தவணையிலேயே அதைத் திரும்ப எடுத்து, இரண்டாம் கல்குலஸைக் கோடை காலத்தில் படித்தால் வரிசை மீண்டும் நேராகும். கோடை வகுப்புகள் ஒரு தவணையின் பாடத்தை ஆறு அல்லது எட்டு வாரங்களில் ஓட்டி முடிப்பவை என்பதால், அந்தக் காலத்தில் வேறு பாடம் எதையும் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. இத்துறைகளில் போட்டி மிகக் கடுமை என்பதால் 2.8 என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே; இடம் பெறுவோரின் சராசரி அதைவிட வெகு உயரத்தில் இருக்கும்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த பிள்ளைக்கு எல்லையும் வகையீடும் புதியவையல்ல. அப்படியிருக்க ‘எஃப்’ ஏன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டு முழுவதையும் ஒரே இறுதிப் பரீட்சையில் தீர்த்துப் பழகியவர்கள், ‘இது தெரிந்த பாடம்தானே’ என்று வாராந்த வீட்டு வேலைகளையும் சிறு பரீட்சைகளையும் அலட்சியப்படுத்துவது உண்டு. அங்கே ஒப்படைக்காத ஒவ்வொரு வேலைக்கும் பூச்சியம் விழும். கடைசியில் எழுதும் ஒரு பரீட்சை எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் அது முழுவதையும் தூக்கி நிறுத்தாது. எந்தப் பகுதிக்கு எத்தனை வீதம் என்பது முதல் நாள் தரப்படும் பாடத்திட்டத் தாளிலேயே இருக்கும். காரணம் இதுவென்றால் சரிசெய்வது எளிது. வேறு காரணம் என்றால், குறிப்பாக உடல்நலமோ மனநலமோ என்றால், அதை அறிவுரையாளரிடம் அவள் இப்போதே சொல்ல வேண்டும்.

வேறு கல்லூரியில் சேர்ந்து பழையதை மறைக்கலாம் என்ற யோசனைக்குக் காதே கொடுக்காதீர்கள். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றி, நல்ல பெறுபேற்றை மட்டும் வைத்து விண்ணப்பிக்கும் நம் நாட்டு முறை அங்கே செல்லாது. பதிவு செய்து படித்த ஒவ்வொரு கல்லூரியையும், பெற்ற ஒவ்வொரு தரத்தையும், திரும்பப் படித்துத் திருத்திய ‘எஃப்’ உட்பட, விண்ணப்பத்தில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டது தெரியவந்தால் கொடுத்த அனுமதியையும் பல்கலைக்கழகம் இரத்துச் செய்யும். எழுதிய ‘எஃப்’ ஒரு குறை மட்டுமே. மறைத்த ‘எஃப்’ பொய்யாகிவிடும்.

அதிபருக்கு எழுதுவதிலும் பயனில்லை. 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி, உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்த மாணவரின் பெறுபேறுகள் அவருக்கே உரியவை. அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்குக் கல்லூரி அவற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. கேட்க வேண்டியதை மகளிடமே கேளுங்கள். அவள் இவ்வளவையும் உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்பதே பெரிய விடயம்.

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவன், இப்போது கலிபோர்னியாவில் இரண்டாம் ஆண்டு. எஃப்-1 வீசாவில் 13 அலகுகள் எடுத்திருக்கிறேன். 5 அலகு இரசாயனவியலில் இடைத்தவணைப் பரீட்சை இரண்டிலும் நாற்பதைத் தாண்டவில்லை. ‘எஃப்’ வாங்குவதைவிட ‘டபிள்யூ’ வாங்கி விலகுவது நல்லதா?
— ஒரு மாணவர்

பதில்: தம்பி, பெறுபேற்றுத் தாளை மட்டும் பார்த்தால் நல்லதுதான். ‘டபிள்யூ’ ஜீ.பீ.ஏ. கணக்கில் சேராது, ஒன்றிரண்டு இருப்பதைப் பல்கலைக்கழகங்கள் பெரிதுபடுத்துவதுமில்லை. தவணையின் 75 வீதம் கடப்பதற்கு முன்னர் விலக வேண்டும். அதற்குப் பின்னர் என்ன தரம் வருகிறதோ அதுவே பதியப்படும். சரியான திகதி கல்லூரியின் நாட்காட்டியில் இருக்கும்.

ஆனால் உங்கள் வீசாவோடு சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. 13இல் 5 போனால் 8தான் மிஞ்சும். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள பொறுப்பதிகாரியின் அனுமதி கிடைப்பதற்கு முன்னர் நீங்கள் விலகினால், அந்த நிமிடமே மாணவர் நிலை கேள்விக்குறியாகும். பிறகு போய் விளக்கம் சொல்வது அநேகமாகப் பலிக்காது. பாடச் சுமையைக் குறைக்கும் அனுமதி சில காரணங்களுக்கு மட்டுமே உண்டு; அவற்றில் முக்கியமானவை: ஆங்கில மொழியிலோ வாசிப்பிலோ ஆரம்பச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாமை, பொருந்தாத மட்டத்தில் பாடம் வைக்கப்பட்டமை, அல்லது மருத்துவரின் சான்றோடு கூடிய உடல்நலக் காரணம். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு எளிதாகப் பொருந்தும் காரணங்களை இரண்டாம் ஆண்டில் நீங்கள் சொல்வது கடினம் என்றுதான் நினைக்கிறேன். கல்விக் காரணத்துக்காகக் குறைத்தாலும் பாதிச் சுமையாவது, அதாவது 6 அலகுகளாவது, மிஞ்ச வேண்டும்; அந்தச் சலுகை ஒரு கல்வி மட்டத்தில் ஒரு தடவைக்குத்தான்.

வேறு ஒரு வழியும் இருக்கிறது. பல கல்லூரிகளில் தவணையின் நடுவில் ஆரம்பிக்கும் எட்டு வார வகுப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்து 12ஐ நிரப்ப முடியுமா என்று அந்த அதிகாரியிடம் கேளுங்கள். முழுக்க இணையவழியில் நடக்கும் வகுப்பு ஒன்றுக்கு மேல் முழுநேரக் கணக்கில் சேராது என்பதால், நேரடி வகுப்பாகப் பாருங்கள். எதுவும் சரிவராவிட்டால், வீசாவைப் பாதுகாத்துக்கொண்டு ‘எஃப்’பை ஏற்று, அடுத்த தவணையில் இரசாயனவியலைத் திரும்பப் படிப்பதே மேல். திரும்பப் படித்தால் அந்தப் பூச்சியம் கணக்கை விட்டுப் போகும் என்பதைக் கல்லடித் தாயாருக்கு எழுதிய பதிலில் சொல்லியிருக்கிறேன். இழந்த மாணவர் நிலையைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதல்ல.

கேள்வி: ‘டி’ சித்தி என்று சொல்கிறார்களே, அதோடு விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, அக்கரைப்பற்று

பதில்: பட்டத்துக்கான அலகுக் கணக்கில் ‘டி’ சேரலாம், பல்கலைக்கழக மாற்றத்துக்குரிய முக்கிய பாடங்களுக்கும் துறைப் பாடங்களுக்கும் ‘சி’யாவது வேண்டும். ‘டி’யையும் ‘எஃப்’பைப் போலவே திரும்பப் படித்து உயர்த்தலாம். ‘சி’ எடுத்தவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது, 2.0 அப்படியே நின்றுவிடும். பொறியியல், கணினி போன்ற துறைகளை நோக்குவோருக்கு ஒரு ‘சி’ சில வேளைகளில் திருத்தப்பட்ட ‘எஃப்’பைவிடப் பாரமாக இருக்கும். இது நீதியான விதியா என்று கேட்டால் எனக்கும் அப்படித் தோன்றவில்லை. ஆனால் விதி அதுதான்.

கேள்வி: எனது மகன் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர், உதவிப் பணத்தில் படிக்கிறார். சென்ற ஆண்டு ஒரு பாடத்தில் ‘எஃப்’, இரண்டில் ‘டபிள்யூ’. உதவிப் பணம் நின்றுவிடுமா?
— ஒரு வாப்பா, சம்மாந்துறை

பதில்: நிற்கக்கூடும், அதுவும் ‘எஃப்’பைவிட அந்த ‘டபிள்யூ’க்களாலேயே நிற்கக்கூடும். கூட்டாட்சி அரசின் கல்வி உதவி பெறுபவர் திருப்தியான முன்னேற்றம் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு: பொதுவாக 2.0 ஜீ.பீ.ஏ., மற்றையது முயன்ற அலகுகளில் ஏறத்தாழ 67 வீதத்தை முடித்திருப்பது. 60 அலகுகளில் முடிய வேண்டிய படிப்புக்கு ஆகக் கூடியது 90 அலகுகள் வரைதான் உதவி கிடைக்கும் என்ற விதியில் இருந்து வந்த எண்ணிக்கை இது. ‘டபிள்யூ’ ஜீ.பீ.ஏ.யைத் தொடாவிட்டாலும் ‘முயன்றும் முடிக்காத’ அலகாக இங்கே எண்ணப்படும். ஆண்டு முழுவதிலும் மகன் 24 அலகுகள் முயன்று, அந்த மூன்று பாடங்களின் 9 அலகுகள் போக 15ஐ முடித்திருந்தால், அது 62.5 வீதம், கோட்டுக்குக் கீழே.

கல்லூரி உதவியை நிறுத்தினால் மேன்முறையீடு செய்யலாம். நோய், குடும்பத்தில் இறப்பு போன்ற காரணத்தை அத்தாட்சியுடன் விளக்கி, இனி என்ன மாறியிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். இரண்டாவது பகுதியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள்.

கேள்வி: தம்பிக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில் இருந்து ஏப்ரலில் அனுமதிக் கடிதம் வந்தது. வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் வசந்த காலத் தவணையின் இறுதிப் பெறுபேற்றில் ஒரு பாடத்தில் ‘எஃப்’. கடிதம் வந்தபின் அது ஒரு பொருட்டா?
— ஒரு அக்கா, ஆரையம்பதி

பதில்: இப்பக்கத்தில் வந்த எல்லா ‘எஃப்’களிலும் இதுதான் அவசரமானது. ஏப்ரலில் வருவது நிபந்தனையோடு கூடிய அனுமதி. விண்ணப்பத்தில் ‘இந்தத் தவணையில் இவற்றைப் படிக்கிறேன்’ என்று எழுதிய பாடங்களை உரிய தரத்தில் முடிப்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. இறுதிப் பெறுபேற்றுத் தாள்கள் ஜூலை முதலாம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். அதில் ‘எஃப்’ இருப்பதை வளாகம் தானாகக் கண்டுபிடிக்கும்போது அனுமதி இரத்தாகும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே தம்பி இன்றைக்கே வளாகத்தின் மாணவர் இணையத்தளம் வழியாக அனுமதி அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். என்ன நடந்தது, அந்தப் பாடம் துறைக்குக் கட்டாயமானதா, கோடையில் அதைத் திரும்ப எடுக்க இடம் கிடைத்திருக்கிறதா என்பவற்றை மூன்று நான்கு வரிகளில் எழுதினால் போதும். கோடையில் முடிப்பதை அவர்கள் ஏற்பார்களா என்பது வளாகத்துக்கும் துறைக்கும் ஏற்ப மாறும்; பதில் வரும்வரை காத்திராமல் கோடை வகுப்பில் இடம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விரிவுரையாளர் புள்ளியைக் கூட்டுவதில் தவறியிருக்கிறார் என்று தம்பி நம்பினால் அதையும் உடனே கேட்கலாம். ஆனால் கலிபோர்னியச் சட்டப்படி, தவறு, மோசடி, கெட்ட நோக்கம், தகைமையின்மை ஆகிய காரணங்கள் இல்லாவிட்டால் விரிவுரையாளர் இட்ட தரமே இறுதியானது. ‘இரக்கம் காட்டுங்கள்’ என்ற கோரிக்கைக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு பாடத்தை ரிப்பீட் செய்து ‘சி’ எடுத்திருக்கிறேன். இங்கிருந்து விலகி அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் முதலில் இருந்து தொடங்கினால், இந்தப் பழைய பெறுபேறு கணக்கில் வருமா?
— ஒரு மாணவி

பதில்: வரும், தங்கச்சி. பல்கலைக்கழகத்துக்கு மாறும் விண்ணப்பத்தில் உள்நாடு, வெளிநாடு என்று பிரிக்காமல், உயர்தரத்துக்குப் பிறகு படித்த எல்லா நிறுவனங்களையும் கேட்பார்கள். அது பயப்பட வேண்டிய விடயமுமில்லை. இரண்டு ஆண்டுகள் படித்த பாடங்களில் சில அங்கே அலகுகளாக ஏற்கப்படவும் கூடும். அப்படியானால் முதலில் இருந்து தொடங்குவது வீண் செலவு. கலிபோர்னியாவின் அரச பல்கலைக்கழகங்கள் அந்த மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் இருந்து வருவோருக்கு முன்னுரிமை தருகின்றன என்பதால், வந்தாறுமூலையில் இருந்து நேரே விண்ணப்பிப்பதைவிடச் சமுதாயக் கல்லூரி வழியாகப் போவது என்ற உங்கள் எண்ணம் தவறானதல்ல.

கவனிக்க வேண்டியது அந்த ‘சி’யைத்தான். உங்கள் பீடத்தின் விதியில் மீள்பரீட்சைக்கு ‘சி’ உச்சவரம்பாக இருக்குமானால், அமெரிக்காவில் உங்கள் தாளை வாசிப்பவருக்கு அது தெரியாது. இரண்டாவது தடவையும் இவ்வளவுதான் எடுத்தார் என்றே விளங்கிக்கொள்வார். புறப்படுவதற்கு முன்னர் பதிவாளர் அலுவலகத்தில் பெறுபேற்றுத் தாளைக் கேட்கும்போது, தர விளக்கமும் மீள்பரீட்சை பற்றிய விதியும் அதோடு சேர்ந்து வருமாறு கேளுங்கள். முத்திரையிட்டு ஒட்டிய உறைகளில் சில பிரதிகள் கையில் இருக்கட்டும். அங்கே போனபின் ஒரு பிரதி தேவைப்பட்டால், வீட்டில் யாராவது உங்கள் அதிகாரக் கடிதத்துடன் வந்தாறுமூலைக்கு அலைய வேண்டியிருக்கும்.